யூபோனியத்தில் மெதுவான பாடல்கள்: இரண்டாம் பக்கத்தில் ஒலி மெலிந்துவிடுகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (கொக்குவில் மாணவன்)

வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறேன். ஆறு வருடம் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவில் யூபோனியம் (வால்வுகள் உள்ள, கனத்த குரலுடைய பித்தளை ஊதுவாத்தியம்) வாசித்தேன். வாசித்ததெல்லாம் அணிநடை இசைதான்: இல்ல மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழா, பெரிய கிரிக்கெட் போட்டி. இப்போது ஒரு தேவாலய மண்டபத்தில் அரை மணி நேரம் தனியாக வாசிக்க இடம் தந்திருக்கிறார்கள். ஒன்பது கிழமை இருக்கிறது. கூட வாசிப்பதற்குக் கீபோர்ட் வாசிக்கும் அக்கா ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

மெதுவான, பாடுவதுபோல் ஒலிக்கும் பாடல்களை மட்டுமே வாசிக்க விரும்புகிறேன். அம்மம்மா நான் வாசிக்க வரும் இடமெல்லாம் வந்திருக்கிறார். ஆனால் ட்ரம்பெட்டுக்கும் முரசுக்கும் நடுவே என் வாத்தியத்தின் குரலை அவர் ஒருநாளும் பிரித்துக் கேட்டதில்லை. இம்முறை அதை மட்டும் கேட்க வேண்டும்.

முதலில் ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் 'வோக்கலைஸ்' எடுத்தேன். முதற் பக்கம் நன்றாகப் போகிறது. இரண்டாம் பக்கத்தில் ஒலி மெலிந்து, உதடு நடுங்கி, வரியின் முடிவுக்கு முன்னரே காற்றுத் தீர்ந்துவிடுகிறது. இன்னும் இரண்டு சிக்கல்கள். காலையில் வீட்டில் சரியாக இருக்கும் சுருதி, பின்னேரம் மண்டபத்தில் கீபோர்டைவிட மேலே நிற்கிறது. அக்காவின் தாளைப் பார்த்து வாசித்தால் இருவரும் வேறு வேறு பாடல் வாசிப்பதுபோல் இருக்கிறது. என் வாத்தியத்துக்கு மூன்று வால்வுகள்தான். என்ன வாசிக்கலாம் என்று சொல்லுங்கள்.

மறுமொழி (குருநகர், பழைய பாண்ட்காரர்)

தம்பி, வேகமான பாட்டைவிட மெதுவான பாட்டுத்தான் கடினம். இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. அணிநடை இசையில் எங்கு மூச்சு எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவரின் ஒலி அந்த இடைவெளியை மூடிவிடும். தனியாக நிற்கும்போது மூடுவதற்கு எவரும் இல்லை. யூபோனியத்தின் குழாய் நீளம் ஏறத்தாழ ஒன்பது அடி, ட்ரொம்போனின் நீளம்தான். ஆனால் இது போகப் போக விரிந்துகொண்டே போகிறது. அந்தக் குரலின் இனிமையும் அதனால் வருவதுதான், அது காற்றைக் குடிப்பதும் அதனால்தான்.

நீங்கள் எடுத்த பாட்டைப் பாருங்கள். ரக்மானினோவ் அதைச் சொற்களே இல்லாமல், ஒரே உயிரெழுத்தில் பாடுவதற்காக எழுதினார். சொல் இல்லாத பாட்டில் சொல் முடியும் இடமும் இல்லை. அது எங்கே மூச்சு எடுக்கலாம் என்று உங்களுக்குக் காட்டாது. ஒன்பது கிழமையில் முதல் தனி நிகழ்ச்சி வாசிப்பவருக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்.

பாட்டின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மூச்சைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இப்படித்தான் பழக்கினார்: வாத்தியத்தைத் தொடாமல் தாளை மடியில் வைத்துக்கொண்டு பாட்டை வாயால் பாட வேண்டும். மூச்சு தானாக எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு சிறு காற்புள்ளி. மறுநாள் வாத்தியத்தில் வாசித்துப் பார்த்து, அந்தக் காற்புள்ளிகளுக்கு இடையில் வேறு எங்காவது மூச்சுத் தேவைப்பட்டால் அங்கே ஒரு வட்டம். ஒரு பாட்டில் வட்டம் நான்குக்கு மேல் வந்தால் அந்தத் தாளை எடுத்து அடுத்த வருடத்துக்கு வைத்துவிடுவார். அவர் தந்த தாள்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. பென்சில் அழிந்து அழிந்து சில இடங்களில் தாளே மெலிந்துபோயிருக்கிறது.

ஆகவே முதலில் சொற்களோடு பிறந்த பாட்டுகளைத் தேடுங்கள். இசையமைப்பாளர் ஹண்டலின் 'ஓம்பிரா மாய் ஃபூ' நல்ல தொடக்கம். 1738இல் அரங்கேறிய 'செர்சே' என்ற ஓபராவின் முதற் பாட்டு. ஓர் அரசன் ஒரு மரத்தின் நிழலுக்கு நன்றி சொல்லிப் பாடுகிறான். பங்குனி, சித்திரை வெயிலில் வேப்ப மர நிழலில் நின்ற எவருக்கும் அந்தப் பாட்டை விளக்கத் தேவையில்லை. முதற் சொல்லின் முதல் ஸ்வரமே நீண்டு நிற்கும். அதை மெல்லத் தொடங்கி, வளர்த்து, திரும்ப மெலியவிட வேண்டும். அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் ஒரு கிழமை வாசியுங்கள். 'லார்கோ' என்ற பெயரில் ஊரெல்லாம் தெரிந்த பாட்டு என்றாலும் ஹண்டல் எழுதிய குறிப்பு 'லார்கெட்டோ', அதாவது அதைவிடச் சற்று விரைவு. இழுத்து இழுத்து வாசித்தால் காற்றும் தீரும், பாட்டும் சாகும்.

அடுத்தது 'பிஸ்ட் டு பை மியர்'. இசையமைப்பாளர் பாக்கின் மனைவி அன்னா மக்டலேனாவின் 1725ஆம் ஆண்டு இசைக் குறிப்பேட்டில் இருப்பதால் நீண்ட காலம் பாக்கின் பாட்டு என்றே நம்பினார்கள். மெட்டு ஷ்டோல்செல் என்பவருடையது. வரிகள் குறுகியவை, மூச்சுக்கு இடம் தாராளம்.

செலோவுக்கு (வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) எழுதிய பாட்டுகளில் கவனம் தேவை. சென்-சான்ஸின் 'அன்னம்' (1886) எல்லோருக்கும் பிடிக்கும். தான் உயிரோடு இருக்கும்வரை வெளியிடுவதற்கு 'விலங்குகளின் திருவிழா' என்ற தொகுப்பில் அவர் அனுமதித்த ஒரே பகுதி அதுதான். ஆனால் வில் மூச்சு எடுப்பதில்லை. முடிவில் மேலே ஏறிப் போய் நீண்டு நிற்கும் ஸ்வரத்தைக் களைத்த உதட்டோடு பிடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். 'லண்டன்டெரி ஏர்' என்ற ஐரிஷ் மெட்டும் அப்படித்தான். அதன் உச்ச ஸ்வரம் முடிவை நெருங்கும்போதுதான் வருகிறது. எந்தப் பாட்டை எடுத்தாலும் உச்ச ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (சுண்டிக்குளி, பியானோ ரீச்சர்)

மற்ற இரண்டு சிக்கல்களுக்கும் நான் சொல்கிறேன், மகன்.

கீபோர்ட் எந்த வெயிலிலும் 440 ஹேர்ட்ஸ் சுருதியிலேயே நிற்கும். பித்தளைக் குழாய்க்குள் இருக்கும் காற்றுச் சூடானால் ஒலி அதில் வேகமாகப் போகும், சுருதி ஏறும். எனவே வீட்டில் அல்ல, மண்டபத்தில், அதே நேரத்தில், பத்து நிமிடம் ஊதிய பிறகு பிரதான சுருதிக் குழாயை வெளியே இழுத்துச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். இழுத்த அளவைப் பென்சிலால் குழாயிலேயே குறித்து வையுங்கள்.

தாள் பொருந்தாததற்குக் காரணம், பாண்ட் வாத்தியக் குழுவில் நீங்கள் ட்ரெபிள் கிளெவில் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று தாளின் தொடக்கத்தில் காட்டும் குறிகளில் ஒன்று) வாசித்துப் பழகியதுதான். அதில் நீங்கள் 'சி' என்று வாசிப்பது கீபோர்டில் பி ஃபிளாட். எழுதியிருப்பதற்கு ஒரு பெரிய ஒன்பதாம் இடைவெளி, அதாவது ஒரு ஸ்தாயியும் ஒரு முழு ஸ்வரமும், கீழே ஒலிக்கிறது. உங்கள் தாளை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அக்கா எஃப் மேஜரில் வாசித்தால் உங்கள் தாள் ஜி மேஜரில் இருக்கும். கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது என்று அதை அழுத்திவிட்டுச் சமாளிக்க வேண்டாம். மறந்து ஒருமுறை அழுத்தாமல் தொடங்கினால் சபை முன்னால் நிறுத்த வேண்டி வரும்.

மண்டபத்தில் மின்விசிறி ஓடும். தாள்களுக்கு உடுப்புக் காயப்போடும் கிளிப் நான்கு கொண்டு போங்கள்.

மறுமொழி (இலண்டன், ஹரோ)

கொக்குவிலில் பிறந்து இங்கே பித்தளை வாத்தியக் குழு ஒன்றில் யூபோனியம் வாசிக்கிறேன். ஊரில் ஒரு பிள்ளை இதைத் தனியாக வாசிக்கப் போகிறது என்று வாசித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

குருநகர் அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். வோக்கலைஸை விட வேண்டாம். அதன் முதற் பகுதியைத் திருப்பி வாசிக்கும்படி எழுதியிருக்கிறது. திருப்பாமல் ஒருமுறை மட்டும் வாசியுங்கள், பாதிக் களைப்புக் குறையும். மூலச் சுருதி சி ஷார்ப் மைனர். அதை அரை ஸ்வரம் இறக்கிச் சி மைனரில் வைத்தால் உங்கள் தாள் டி மைனராகிவிடும், விரலுக்கும் இலகு.

மூன்று வால்வு வாத்தியத்தில் 1, 3 சேர்த்து அழுத்தினாலும் மூன்றையும் அழுத்தினாலும் சுருதி ஏறும். உங்கள் தாளில் கீழ் டி, அதற்கு அரை ஸ்வரம் கீழே சி ஷார்ப். இவை நீண்டு நிற்கும் பாட்டாக இருந்தால் முழுப் பாட்டையும் சற்று ஏற்றி எழுதுங்கள். மேலே உள்ள எஃப், எஃப் ஷார்ப், ஜி மூன்றும் பல யூபோனியங்களில் இயல்பாகவே சுருதி கூடி ஒலிப்பவை. மெதுவான பாட்டில் அது உடனே தெரியும். அங்கே வரும்போது தாடையைத் தளர்த்தி, வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்குங்கள்.

இன்னொன்று. ட்ரொம்போன், செலோ தாள்களில் டெனர் கிளெவ் வந்தால் பயப்பட வேண்டாம். அதை உங்கள் ட்ரெபிள் கிளெவ் என்றே நினைத்து வாசித்து, இரண்டு ஷார்ப் கூட்டிக்கொள்ளுங்கள். அதே விரல், அதே ஒலி.

யூபோனியத்துக்கென்றே எழுதியதில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றால் ஜோசப் ஹொரோவிட்ஸ் 1972இல் எழுதிய கொன்செர்ட்டோவின் (தனி வாத்தியம் ஒரு குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) நடுப்பகுதி, 'லென்ட்டோ'. அதைவிட அழகாக எங்கள் வாத்தியத்துக்கு ஒருவர் பாட்டு எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த ஒன்பது கிழமைக்கு அல்ல. அவர் 2022இல்தான் காலமானார், எனவே தாளை விலை கொடுத்து வாங்க வேண்டும். இப்போதைக்குக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணாமார், ரீச்சர், மிகவும் நன்றி. வட்டம் போட்டுப் பார்த்தேன். வோக்கலைஸில் பதினொன்று, ஹண்டலில் இரண்டு. 'பிஸ்ட் டு பை மியர்' ஒன்றுமில்லை. அன்னத்தில் ஐந்து.

இன்னொரு கேள்வி. வருபவர்களில் பாதிப் பேர் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள், கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும். ராகம் ஒன்றை எடுத்து வாசிக்கலாமா?

மறுமொழி (இணுவில்)

ராக ஆலாபனை வேண்டாம், தம்பி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாதஸ்வரம். சீவாளியையும் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) துளையின் மேல் விரலையும் கொண்டு ஸ்வரத்தை வளைக்கிறோம். உங்கள் வால்வு அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகத் தாவும். உதட்டால் கொஞ்சம் வளைக்கலாம், ஆனால் கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது குறையாகத்தான் படும்.

அதற்குப் பதில் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்களைப் பாருங்கள். ஐரோப்பிய பாண்ட் வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். கமகம் இல்லாமல் பாடுவதற்கே பிறந்தவை. 'சியாமளே மீனாட்சி' சங்கீத வகுப்புக்குப் போன எங்கள் பிள்ளைகள் பலருக்கும் தெரியும். விண்மீன் மின்னுவதைப் பற்றிப் பாலர் பாடசாலையில் பாடும் ஆங்கிலப் பாட்டின் அதே மெட்டு. சபை இரண்டு பக்கமாகவும் அதை அறியும். ஒருமுறை கீழ்ச் சுருதியில் தனியாக, துணை இல்லாமல், விளம்ப காலத்தில் வாசியுங்கள். அடுத்த முறை கீபோர்ட் சேரட்டும். பாண்டில் இருந்து தீட்சிதருக்குப் போனது, உங்கள் கையால் பாண்ட் வாத்தியத்துக்கே திரும்பி வருகிறது. அதைச் சபைக்கு இரண்டு வரியில் சொல்லிவிட்டு வாசியுங்கள்.

மறுமொழி (சுண்டிக்குளி, பியானோ ரீச்சர்)

நல்ல யோசனை. பாட்டுகளின் வரிசையைப் பற்றி ஒரு சொல்: நான்கு பாட்டுப் போதும். அரை மணி நேரமும் உதட்டை மவுத்பீஸில் வைத்திருக்க முடியாது. இரண்டாம் பாட்டுக்குப் பிறகு அக்கா தனியாக ஏதாவது வாசிக்கட்டும். நீங்கள் அமர்ந்து, தண்ணீர் குடித்து, வால்வுத் தண்ணீரை ஒரு பழைய துவாயில் வடித்துவிட்டு எழும்புங்கள்.

கேள்வி கேட்டவர் (இரண்டு கிழமைக்குப் பின்)

வரிசை முடிவாகிவிட்டது: 'பிஸ்ட் டு பை மியர்', ஹண்டல், அக்காவின் தனி வாசிப்பு, 'சியாமளே மீனாட்சி', கடைசியில், வட்டம் ஐந்து இருந்தாலும், அன்னம். வோக்கலைஸை அடுத்த வருடத்துக்கு வைத்துவிட்டேன். இலண்டன் அண்ணா கோபிக்க வேண்டாம், தினமும் முதற் பக்கத்தை மட்டும் வாசிக்கிறேன்.

ஹண்டலின் முதல் ஸ்வரத்தை மட்டும் ஏழு நாள் வாசித்தேன். நேற்று அம்மம்மா விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டு இருந்தார். நான் நிறுத்தியதும், "ஏன் விட்டுவிட்டாய், அது இன்னும் முடியவில்லையே" என்றார். அதற்குப் பிறகுதான் முழுப் பாட்டையும் அவருக்கு வாசித்தேன்.

அன்னத்தின் கடைசி ஸ்வரம் மட்டும் ஐந்து நாளில் இரண்டு நாள்தான் நிற்கிறது. அதற்கு முந்திய ஏற்றத்தில் எங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் நாளைக் காலை அதே இடத்தில் காற்புள்ளி போட்டுப் பார்க்கிறேன்.

மறுமொழி (குருநகர், பழைய பாண்ட்காரர்)

ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே எடுங்கள், நடுவில் வேண்டாம். முந்திய ஸ்வரத்தைக் கொஞ்சம் முன்னதாக விட்டுவிடுங்கள், கீபோர்ட் அந்த இடத்தைத் தாங்கும். வயிறு நிரம்ப ஒரே மூச்சு. மேலே ஏறும்போது ஒலியைக் கூட்ட வேண்டாம், குறைத்துக்கொண்டே போங்கள்.