செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480: கடையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் எதையெல்லாம் பார்ப்பது?

தாம்பரம்_லோக்கல்:

வணக்கம் நண்பர்களே. ரிச்சி தெருவில் ஒரு கடையில் லெனோவோ திங்க்பேட் டி480 பார்த்து வைத்திருக்கிறேன். ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை 18,000 ரூபாய் சொல்கிறார்கள். ஏழு நாளுக்குள் பழுது வந்தால் மாற்றித் தருவார்களாம், அதற்கு மேல் அவர்கள் பொறுப்பில்லை. தம்பி கல்லூரியில் புரோகிராமிங் படிக்கிறான், அவனுக்காகத்தான். கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். அதற்குள் எதை முதலில் பார்ப்பது, எதை வீட்டுக்கு வந்து பார்த்தால் போதும்? பென்டிரைவில் என்னென்ன போட்டுக்கொண்டு போக வேண்டும்?

போர்டு_மெக்கானிக்:

பெரும்பாலானவர்கள் ஸ்கிரீனில் கோடு இருக்கிறதா, கீபோர்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பதிலேயே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். டி480-ல் ராம், எஸ்எஸ்டி, இரண்டு பேட்டரி, கீபோர்டு, ஸ்கிரீன், ஃபேன் எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடியவை. அவற்றில் குறை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். மதர்போர்டில் குறை இருந்தால் வாங்கவே கூடாது. அதனால் முதல் பத்து நிமிடம் போர்டுக்கு.

ஆன் செய்ததும் எஃப்1 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் போர்டின் செட்டிங் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே முடிந்தது, வேறு மெஷின் காட்டச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் செக்யூரிட்டி பக்கத்தில் பாஸ்வேர்டு பகுதியைத் திறந்து, பயாஸையே பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு 'டிசேபிள்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். அதே செக்யூரிட்டி பக்கத்தில் அப்சல்யூட் என்று ஒன்று இருக்கும். கம்ப்யூட்ரேஸ் என்பது அதன் பழைய பெயர். நிறுவனங்கள் தங்கள் லேப்டாப் திருடுபோனால் தேடவும் பூட்டவும் வைத்திருக்கும் வசதி அது. அதன் நிலை 'ஆக்டிவேட்டட்' என்றிருந்தால் வேண்டாம். 'பெர்மனென்ட்லி டிசேபிள்ட்' என்றிருந்தால் பயப்பட வேண்டாம், இனி யாராலும் அதை இயக்க முடியாது என்று அர்த்தம்.

பயாஸின் முதல் பக்கத்தில் மெஷின் டைப்பும் சீரியல் நம்பரும் இருக்கும். மெஷினைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் போர்டோ அடிமூடியோ வேறொன்றிலிருந்து வந்தது. சீரியல் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்வாலிட்' என்று இருந்தாலும், ஆன் ஆகும்போது 2200 அல்லது 2201 என்று எரர் வந்தாலும், போர்டை மாற்றியவர்கள் விவரங்களைச் சரியாக எழுதவில்லை என்று பொருள். மெஷின் டைப் 20எல்5 அல்லது 20எல்6 என்று தொடங்க வேண்டும். 20எல்7, 20எல்8 என்றால் அது டி480எஸ். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் அதில் ராமில் ஒரு பகுதி போர்டிலேயே சால்டர் செய்தது, கூடுதலுக்கு ஒரே ஒரு ஸ்லாட்தான். பின்னால் கழற்றி மாட்டும் பேட்டரியும் கிடையாது.

அடுத்தது டைப்-சி. இந்த மாடலில் அதிகம் பழுதாகும் இடம் இதுதான். இடது பக்கம் இரண்டு டைப்-சி போர்ட், இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும். சார்ஜரை ஒரு முறை நேராக, ஒரு முறை புரட்டி, ஆக நான்கு தடவை செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் உள்ளே பின் தேய்ந்திருக்கிறது. செருகிய நிலையில் சார்ஜர் முனையை லேசாக மேலும் கீழும் அசையுங்கள். சார்ஜ் விட்டு விட்டு வந்தால் சால்டர் விட்டிருக்கிறது. போர்ட் போர்டோடு சேர்ந்தது, மாற்ற நல்ல கை தேவை.

அந்த இரண்டு டைப்-சி போர்ட்டில் ஒன்று, மின்னல் குறி போட்டது, தண்டர்போல்ட் போர்ட். அதற்கு இன்னொரு கதை உண்டு. 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபெர்ம்வேரில் (சிப்பை இயக்கும் உள் மென்பொருள்) ஒரு கோளாறு இருந்தது. நாளடைவில் டைப்-சி சார்ஜிங், டேட்டா, சில மெஷின்களில் எச்டிஎம்ஐ வெளியீடு வரை நின்றுவிடும். லெனோவோ அதற்கு அப்டேட் வெளியிட்டது. ஆனால் அதற்குள் கெட்டுவிட்ட போர்டு அப்டேட்டால் பிழைக்காது. அதனால் கடையிலேயே ஒரு மானிட்டரில் எச்டிஎம்ஐ இணைத்துக் காட்டச் சொல்லுங்கள், தண்டர்போல்ட் போர்ட்டில் டைப்-சி பென்டிரைவ் போட்டு ஃபைல் காப்பி செய்து பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லெனோவோவின் வான்டேஜ் செயலி வழியே அந்த அப்டேட்டைப் போட்டுவிடுங்கள்.

பென்டிரைவ்_பெட்டி:

கடைக்காரர் போட்டு வைத்திருக்கும் விண்டோஸ் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். 'அபவுட்' பக்கத்தில் வரும் பிராசஸர் பெயரை ரெஜிஸ்ட்ரியில் மாற்றி எழுத முடியும், ஐ5-க்கு ஐ7 ஸ்டிக்கர் ஒட்டுவதும் நடக்கிறது. இரண்டு பென்டிரைவ் எடுத்துப் போங்கள்.

ஒன்றில் உபுண்டு லைவ், அதாவது பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ். எஃப்12 தட்டி அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் 'டிரை' கொடுங்கள். வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட், நடுவில் இருக்கும் சிவப்பு டிராக்பாயின்ட் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்து அது லிஸ்டில் வருகிறதா பாருங்கள். டெர்மினலில் 'upower -d' என்று அடித்தால் இரண்டு பேட்டரியின் விவரமும் வரும். எனர்ஜி ஃபுல் டிசைன் என்பது புதிதில் இருந்த கொள்ளளவு, எனர்ஜி ஃபுல் என்பது இப்போது பிடிப்பது. உள் பேட்டரி புதிதில் 24 வாட்-ஹவர். பின்னால் மாட்டுவது 24, 48, 72 என்று மூன்று அளவில் வந்தது. டிசைன் அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

இன்னொன்றில் விண்டோஸுக்கான போர்ட்டபிள் பதிப்புகள்: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, எச்டபிள்யூஇன்ஃபோ, சிபியூ-இசட். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் நீல வண்ணத்தில் 'குட்' என்று வந்ததும் மூடிவிடாதீர்கள், கீழே பட்டியலைப் படியுங்கள். என்விஎம்ஈ எஸ்எஸ்டி என்றால் 'பர்சென்டேஜ் யூஸ்ட்' (ஆயுளில் தேய்ந்த சதவீதம்) 30-க்குள் இருந்தால் தாராளம். 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ரா வேல்யூ பதினாறடிமான எண்ணில் வரும். 1எஃப் என்று இருந்தால் 31 என்று படிக்க வேண்டும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சருக்குள் போய் ரா வேல்யூவைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை.

பிறகு சிபியூ-இசட்டில் பென்ச் பக்கம் போய் 'ஸ்ட்ரெஸ் சிபியூ' கொடுத்துவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோவில் சூட்டையும் வேகத்தையும் பத்து நிமிடம் கவனியுங்கள். ஐ5-8250யூ என்றால் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், 8350யூ என்றால் 1.7. முதல் அரை நிமிடம் வேகம் ஏறி, பிறகு 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எங்கோ நிலைத்தால் அது இயல்பு, 15 வாட் பிராசஸர் அப்படித்தான் நடந்துகொள்ளும். கொடுத்த சில நொடியிலேயே 97 டிகிரி தொட்டு, அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஃபேனில் தூசி. அது சின்ன செலவு. சூடே இல்லாமல் 0.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் வேறு 65 வாட் சார்ஜர் மாட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் போர்டில் மின்சாரப் பகுதிதான் காரணம், விட்டுவிடுங்கள்.

சார்ஜ்_சாமி:

மேலே சொன்னதில் பேட்டரி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய பேட்டரியில் செல்லை மாற்றி, சிப்பில் இருக்கும் கணக்கையும் ரீசெட் செய்து விற்கிறார்கள். டிசைன் 24, ஃபுல் 24, சைக்கிள் 3 என்று அழகாகக் காட்டும், இருபது நிமிடத்தில் 40 சதவீதத்திலிருந்து நேராக அணைந்துவிடும். எண்ணைப் பார்ப்பதோடு ஓட்டியும் பாருங்கள்.

100 சதவீதத்தில் சார்ஜரைப் பிடுங்கி, பிரைட்னஸை முழுதாக வைத்து, போனிலிருந்து காப்பி செய்த வீடியோவை 15 நிமிடம் ஓடவிடுங்கள். இந்த மெஷின் அப்போது சுமார் 10 வாட் இழுக்கும், அதாவது கால் மணிக்கு 2.5 வாட்-ஹவர். இரண்டு 24-ம் சேர்ந்து 48 என்றால் ஐந்தாறு சதவீதம்தான் இறங்க வேண்டும். 12, 15 என்று இறங்கினால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் பேட்டரி செத்துவிட்டது. டி480 முதலில் பின் பேட்டரியைத்தான் காலி செய்யும். அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள் பேட்டரியில் மட்டும் ஐந்து நிமிடம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடும்போது பின் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் மெஷின் அணையக் கூடாது.

அடிமூடி ஓரிடத்தில் உப்பியிருந்தாலோ, டச்பேட் ஒரு பக்கம் அழுந்தாமல் தூக்கிக்கொண்டிருந்தாலோ உள் பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்த நிலையில் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ஸ்கிரீனுக்கு இரண்டு நிமிடம் போதும். முழு வெள்ளை, முழு கறுப்பு என இரண்டு படங்களைப் போனில் கொண்டுபோய், லேப்டாப்பில் முழுத்திரையில் திறங்கள். வெள்ளையில் அழுத்தத் தழும்பு தெரியும், கறுப்பில் ஓர வெளிச்சக் கசிவு தெரியும். அப்படியே மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள், மினுக்கினால் கேபிள். ரெசல்யூஷனையும் பாருங்கள். 1366க்கு 768 பேனல் போட்ட டி480 நிறைய சுற்றுகிறது, புரோகிராம் எழுதுகிறவருக்கு அது போதாது. 1920க்கு 1080 ஐபிஎஸ் கேட்டு வாங்குங்கள்.

தாம்பரம்_லோக்கல்:

மிக்க நன்றி அண்ணா. இன்று போனேன். எஃப்1 தட்டியதும் பாஸ்வேர்டு கேட்டது. சிமாஸ் பேட்டரியை (போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி) கழற்றி மாட்டினால் போய்விடும், நாளைக்கு சரிசெய்து தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? அதே ரேக்கில் பாஸ்வேர்டு இல்லாத இன்னொன்று இருக்கிறது, 500 ரூபாய் அதிகம்.

போர்டு_மெக்கானிக்:

அந்த இன்னொன்றையே எடுத்துச் சோதியுங்கள் தம்பி. சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் பவர்-ஆன் பாஸ்வேர்டு போகலாம், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போகாது. அது மின்சாரம் இல்லாமலும் அழியாத தனி நினைவகத்தில் இருக்கிறது. தொலைந்தால் போர்டைத்தான் மாற்ற வேண்டும் என்பது லெனோவோவின் நிலை. சிப்பில் புரோகிராமர் மாட்டி வேறு பயாஸை எழுதித் திறந்து கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் எதை எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கருக்குத் தேவையான டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியும் படுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

புதிதாக எடுப்பதில் இன்னொன்றையும் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸை முழுதாக ரீசெட் கொடுத்து, ஆரம்பத் திரையில் உங்கள் ஹாட்ஸ்பாட்டோடு இணையுங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்து அவர்களுடைய மின்னஞ்சல் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் ஆட்டோபைலட்டில் (நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பைப் பதிவு செய்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதான். ரீசெட்டுக்கு நேரமாகும், அரை மணியில் முடியாது. கடையில் போடச் சொல்லிவிட்டு சாயங்காலம் போய் ஆரம்பத் திரையைப் பாருங்கள்.

அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்வதிலும் தயங்காதீர்கள். ஆறு ஸ்குரூதான், மூடியோடே நிற்கும், தொலையாது. கீபோர்டுக்கு நேர் கீழே போர்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் தண்ணீரோ டீயோ போயிருக்கிறது. ராம் ஸ்லாட் இரண்டு இருக்கும். இருக்கும் ராமை ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் போட்டு ஆன் ஆகிறதா பாருங்கள். ஒரு ஸ்லாட் மட்டும் செத்த போர்டுகள் வருகின்றன, பிற்பாடு 8 ஜிபி சேர்க்கும்போதுதான் வாங்கியவருக்குத் தெரியவரும்.

பென்டிரைவ்_பெட்டி:

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ கடையில் ஓட்ட நேரம் இருக்காது. வாங்கிய முதல் இரவே வீட்டில் போட்டுவிடுங்கள், காலையில் ஒரு எரர்கூட இருக்கக் கூடாது. ஒன்று வந்தாலும் ராமை அடுத்த ஸ்லாட்டில் மாற்றி மறுபடி ஓட்டுங்கள்; எரர் ராமோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்லாட்டோடு நின்றால் ஏழு நாளுக்குள் மெஷினையே திருப்பிக் கொடுங்கள்.

பில்லில் மாடல் பெயர் மட்டும் எழுதினால் போதாது. பயாஸில் பார்த்த அதே சீரியல் நம்பரையும், ஏழு நாள் மாற்றித் தருவதையும் கையால் எழுதி முத்திரை வைத்து வாங்குங்கள்.