டைம்ஷேர் வாரத்தை வாடகைக்கு விடணும், முதல்லயே ஃபீஸ் கேக்குறாங்க... கட்டலாமா?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா பேர்ல ஒரு டைம்ஷேர் இருக்கு, அதாவது பீச் ரிசார்ட்ல ரெண்டு பெட்ரூம் யூனிட்ல வருஷத்துக்கு ஒரு வாரம் தங்குற உரிமை. இந்த வருஷம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன், போக முடியாது, ஆனா மெயின்டனன்ஸ் ஃபீஸ் மட்டும் கரெக்டா வந்து நிக்குது. சும்மா வீணாப் போறதுக்கு வாடகைக்கு விடலாமேன்னு ஒரு சைட்ல விளம்பரம் போட்டேன். மறுநாளே போன். "உங்க வாரத்துக்கு பார்ட்டி ரெடியா இருக்கு, நீங்க கேட்டதை விட கூடவே தர்றாங்க, ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டிருங்க, வாடகை வரும்போது சேத்து திருப்பி குடுத்துருவோம்"னு ஒரே அவசரம். நம்பலாமா? இன்னொண்ணு, தங்கச்சி வேற ஒரு ரிசார்ட்ல யாரோ ஓனர்கிட்ட ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கப் பாக்குறா, ரேட் ரொம்பக் கம்மியா இருக்கு. அவ என்னத்த செக் பண்ணணும்?

பழையசாவி:
கட்டாதீங்க. இது ரொம்பப் பழைய டெக்னிக். விளம்பரம் போட ஒரு சைட் ஃபீஸ் வாங்குறது வேற, அங்க நீங்க விளம்பரத்துக்குத்தான் காசு குடுக்குறீங்க, ஆள் வரும்னு யாரும் சத்தியம் பண்றதில்ல. "ஆள் ரெடி, நீ முதல்ல காசு கட்டு"ன்னா அது நாமம் போடுற வேலை. நியாயமா நடத்துற புரோக்கர் வாடகை வந்தப்புறம் அதுல கமிஷன் கழிச்சுட்டு மீதியைக் குடுப்பாரு. திரும்ப போன் வந்தா "அந்த பார்ட்டி தர்ற பணத்துலயே உங்க ஃபீஸை எடுத்துக்கோங்க"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு தெரிஞ்சிரும்.

அதை விடுங்க, அதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை ரிசார்ட்டோட. அப்பாவோட அக்ரிமென்ட்ட எடுத்து வாடகைக்கு விடலாமான்னு பாருங்க. சில இடத்துல தாராளமா விடுவாங்க, சில இடத்துல கெஸ்ட் பேரு சேக்க தனி ஃபீஸ், குறிப்பிட்ட வாரத்துக்குப் பதிலா பாயின்ட்ஸ் குடுத்து புக் பண்ற சிஸ்டம்னா அதுக்குன்னு தனி ரூல்ஸ். மெயின்டனன்ஸ் பாக்கி இருந்தா புக்கிங்கையே நிறுத்தி வெச்சிருவாங்க, அதனால அது கட்டியாச்சான்னு பாத்துக்கோங்க. முக்கியமா, இது அப்பாவோட சொந்த வாரமா, இல்ல ஆர்சிஐ, இன்டர்வல் இன்டர்நேஷனல் மாதிரி, ஓனருங்க தங்களோட வாரத்தைக் குடுத்து வேற ரிசார்ட் வாரம் எடுத்துக்குற எக்ஸ்சேஞ்ச் கம்பெனி மூலமா மாத்தி வாங்குனதா? எக்ஸ்சேஞ்ச்ல வந்த வாரத்தை காசுக்கு விடக்கூடாது, கண்டுபிடிச்சா கேன்சல் பண்ணிருவாங்க, வாடகைக்கு எடுத்தவங்க லக்கேஜோட ரிசப்ஷன்ல நிக்கணும்.

கணக்குப்புள்ள:
பழையசாவி அண்ணன் சொன்னதுதான். நான் பணம் வர்ற பக்கத்தை சொல்றேன், ஓனருங்களை ஏமாத்துறதுக்கும் ஆள் இருக்கு. வாடகையை விட கூடுதலா ஒரு செக் அனுப்புவாங்க, "தப்பா எழுதிட்டோம், மீதியை உடனே திருப்பி அனுப்பிருங்க"ம்பாங்க. பேங்க்ல பணம் ஏறுன மாதிரி பேலன்ஸ் காட்டும், ஆனா அது கிளியர் ஆனதா அர்த்தமில்ல. நாள் கழிச்சு செக் போலின்னு திரும்பும், நீங்க அனுப்புன "மீதி" உங்க சொந்தக் காசு. கூடுதலா வந்தா முழுசையும் வேண்டாம்னு சொல்லிருங்க.

ஒரு சின்ன அக்ரிமென்ட் கண்டிப்பா எழுதுங்க. செக்-இன் செக்-அவுட் தேதி, யூனிட் எந்த சைஸ், எத்தனை பேர் வரைக்கும் தங்கலாம், ரிசார்ட் தனியா வாங்குற சார்ஜ் யார் தலைல, கேன்சல் பண்ணா எவ்ளோ திரும்பும், ஏதாவது உடைஞ்சா யார் பொறுப்பு. இந்தக் கடைசி பாயின்ட்ட எல்லாரும் விட்டுருவாங்க, ஆனா ரிசார்ட் பில்லை ஓனர் கணக்குலதான் போடும்.

ஊர்சுத்தி:
தங்கச்சிக்கு நான் சொல்றேன், நான் எப்பவுமே வாடகைக்கு எடுக்குற பார்ட்டிதான்.

ஓனர் அனுப்புற கன்ஃபர்மேஷன் பிடிஎஃப்ப வெச்சு முடிவு பண்ணாதீங்க, அதுல பேரும் தேதியும் மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை. விளம்பரத்துல இருக்குற நம்பருக்கும் கூப்பிடாதீங்க, ரிசார்ட்டோட சைட்ல நீங்களே தேடி எடுத்த நம்பருக்கு கூப்பிடுங்க. ஆனா ஓனர் விவரத்தை ரிசார்ட் உங்ககிட்ட சொல்லாது, அதனால ஓனரையும் சேத்து கான்ஃபரன்ஸ் கால் போடுங்க. "நான்தான் ஓனர், இந்தப் புக்கிங்ல இவங்க பேரை சேருங்க"ன்னு அவரு சொல்லணும், ரிசார்ட்லருந்து நேரா உங்க மெயிலுக்கு கன்ஃபர்மேஷன் வரணும். நெஜமான ஓனர் இதுக்கு முகம் சுளிக்க மாட்டார். அதோட முடிஞ்சிரல, பேரு சேத்த அப்புறமும் ஓனரால புக்கிங்கை கேன்சல் பண்ண முடியும், அதனால கடைசித் தவணை கட்டுறதுக்கு முன்னாடி ரிசார்ட்டுக்கு இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்க.

பணம் கிரெடிட் கார்டுல போற மாதிரி வெச்சுக்கோங்க, தகராறுன்னா பேங்க்ல புகார் குடுத்து திருப்பிக் கேக்க ஒரு வழியாவது இருக்கும். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, வயர் ட்ரான்ஸ்ஃபர் கேட்டா அங்கயே கும்பிடு போட்டுருங்க. ரேட் கம்மின்னதும் உடனே ஃபிராடுன்னு சொல்ல மாட்டேன், தேதி நெருங்கிருச்சுன்னா ஓனர் வந்த விலைக்கு விடுவார், போகாத வாரத்துக்கு மதிப்பு பூஜ்யம். ஆனா ஆறு மாசம் கழிச்சு வர்ற பீக் சீசன் வாரத்தை மெயின்டனன்ஸ் ஃபீஸுக்கும் கீழ ஒருத்தர் ஏன் தர்றார்னு யோசிங்க.

மழைத்துளி:
ரொம்ப தேங்க்ஸ். திரும்பக் கூப்பிட்டாங்க, பழையசாவி சொன்ன மாதிரியே சொன்னேன். "கம்பெனி பாலிசி ஒத்துக்காது"ன்னு வழவழா கொழகொழான்னு பேசிட்டு, திடீர்னு "வாடகை வேணாம், டைம்ஷேரையே வாங்க ஒரு பெரிய கம்பெனி இருக்கு, டேக்ஸ் மட்டும் கட்டுங்க"ன்னு ஆரம்பிச்சுட்டான். கட் பண்ணிட்டேன். அது சொந்த வாரம்தான், எக்ஸ்சேஞ்ச் இல்ல.

பழையசாவி:
நல்ல வேலை பண்ணீங்க. இந்த "டேக்ஸ் கட்டு" கும்பலை லேசா எடுத்துக்காதீங்க. மெக்சிகோவுல டைம்ஷேர் வெச்சிருக்குற அமெரிக்கர்களை, அதுவும் வயசானவங்களா பாத்து, ஹலிஸ்கோ போதைக் கடத்தல் கும்பலே கால் சென்டர் வெச்சு ஏமாத்துதுன்னு 2024 ஜூலைல அமெரிக்க நிதித்துறையும் எஃப்பிஐயும் சேர்ந்து எச்சரிக்கை விட்டாங்க. 2019லருந்து 2023 வரைக்கும் சுமார் 6,000 பேர், கிட்டத்தட்ட 30 கோடி டாலர். ஒரு தடவை ஏமாந்தவங்களை விடுறதும் இல்ல, கொஞ்ச நாள் கழிச்சு வக்கீல் மாதிரி, அரசு அதிகாரி மாதிரி பேசி "உங்க காசை மீட்டுத் தர்றோம், அதுக்கு ஒரு ஃபீஸ்"னு மறுபடி கறப்பாங்க. அப்பாவுக்கே நேரா போன் வரலாம், அவர்கிட்டயும் சொல்லி வைங்க.

மழைத்துளி:
சொல்லிட்டேன். கடைசியா ஒண்ணு, டைம்ஷேர் அப்பா பேர்ல இருக்கே, கெஸ்ட் பேரு சேக்க நான் பேசினா போதுமா?

கணக்குப்புள்ள:
பெரும்பாலும் ஒத்துக்க மாட்டாங்க. அப்பாவை ஒரு தடவை ஸ்பீக்கர்ல பேச வைங்க, இல்லேன்னா அவர் கையெழுத்து போட்ட லெட்டர் எந்த மாதிரி வேணும்னு ரிசார்ட்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிச்சிருங்க.