நேபாளத்தை யாரும் பிடிக்கவில்லை என்றால், நேபாளிகள் ஏன் அடுத்தவர் போருக்குப் போனார்கள்?

தொண்டிக்காரன்:
ராமேஸ்வரத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில் நேபாளத்துப் பையன் ஒருவன் சமையலுக்கு இருக்கிறான். அவன் அப்பா நம் ராணுவத்தில் ஓய்வு பெற்றவர். 87-இல் யாழ்ப்பாணம் போய் காலில் குண்டடி பட்டவராம். தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனபோது கடலைக் காட்டி, "அங்கேதான் அப்பாவுக்கு அடிபட்டது" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளைக்காரனிடமே சிக்காத நாடு அது. அந்த நாட்டுக்காரர் நம் சண்டைக்கு எப்படி வந்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் ஹவில்தார்:
தம்பி, நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். பொக்காராவில் நம் ராணுவத்தின் பென்ஷன் அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நேபாளத்தின் மேல் பாய்ந்தது. டேராடூன் பக்கம் நாலாபானிக் கோட்டையில் நேபாளத் தளபதி பலபத்ர குன்வர், பெண்கள் குழந்தைகளையும் சேர்த்து சுமார் 600 பேரோடு இருந்தார். முதல் தாக்குதலிலேயே ஆங்கிலேயத் தளபதி ஜில்லெஸ்பி செத்தார். கடைசியில் கோட்டைக்கு வரும் தண்ணீரை மறித்துத்தான் அவர்களை வெளியேற்ற முடிந்தது. மிச்சமிருந்த எழுபது பேர் சொச்சத்தோடு பலபத்ரர் முற்றுகையை உடைத்துக்கொண்டு போய்விட்டார். எதிரிக்கும் சேர்த்து ஆங்கிலேயர் அங்கே நினைவுத்தூண் வைத்தார்கள்.

போர் முடியும் முன்பே, 1815-இல், கம்பெனி அந்த வீரர்களையே தன் பட்டாளத்தில் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. அவர்களைத்தான் கூர்க்கா என்பது. 1816 சுகௌலி ஒப்பந்தத்தில் குமாவுன், கர்வால் எல்லாம் நேபாளத்தின் கையை விட்டுப் போயின. நாடு மட்டும் பிழைத்தது. ஆனால் அதற்கப்புறம் பக்கத்து வல்லரசு எங்கே சண்டை போட்டாலும் மலையிலிருந்து ஆள் போனது. 1857 கலகத்தை அடக்க, நேபாளத்தை ஆண்ட பிரதமர் ஜங் பகதூர் ராணா தானே படையோடு லக்னோ வந்தார். கூலியாக மேற்குத் தராய் நிலம் திரும்பக் கிடைத்தது. முதல் உலகப் போரில் சுமார் 2 லட்சம் நேபாளிகள், கலிப்பொலி, மெசபடோமியா என்று. செத்தவர், காயம்பட்டவர் 20,000 பேர் இருக்கும். அதற்கு ராணா அரசுக்கு வருடம் 10 லட்சம் ரூபாய். 1923-இல் நேபாளம் சுதந்திர நாடு என்று எழுத்தில் ஒப்புதல். என்னைக் கேட்டால், அந்த நாட்டின் சுதந்திரத்துக்கு ஏழை மலைக்குடிகளின் பிள்ளைகள்தான் விலை. பலனை அரண்மனை அனுபவித்தது.

1947-இல் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு நமக்கு, நான்கு பிரிட்டனுக்கு. அவர்கள் பங்கு மலாயா, போர்னியோ, 1982-இல் ஃபாக்லாந்து வரை போனது. 1962-இல் சீனாவோடு நாம் மோதியபோது நேபாள அரசு நடுநிலை. அதன் குடிமக்களோ லடாக்கில் நம் சீருடையில் நின்றார்கள்.

பொக்காராவில் ஒரு பாட்டி வருவார். புருஷனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதற்கு மேல் துணி சுற்றி, இடுப்பில் செருகியிருப்பார். அவிழ்த்து நீட்டவே நேரமாகும். ரேகை வைக்கும் முன் கட்டை விரலைச் சேலையில் துடைத்துக்கொள்வார். புருஷன் எந்தப் போரில் செத்தார் என்று கேட்டேன். ஊர் பேர் சொல்லத் தெரியவில்லை.

ராம்நாடு டீச்சர்:
ஹவில்தார் அண்ணே சொன்னதோடு நம் மண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கம்பெனிக்கு வளையாத ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியை 1795-இல் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்தார்கள். 1809-இல் சென்னைக் கோட்டைச் சிறையிலேயே இறந்தார். அதற்குள் 1803-இல் ராமநாதபுரம் ஜமீன் ஆகிவிட்டது. ராணாக்களைக் குறை சொல்வது எளிது. மறுத்தவர்கள் கதி அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

மண்டபம் ஹவில்தார்:
டீச்சரம்மா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேதுபதி தானே சிறைக்குப் போனார். ராணா அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்பினார்.

தொண்டிக்காரன்:
நன்றி அண்ணே. அப்போ நேபாளத்துக்கென்று தனி ராணுவம் இல்லையா? இவன் ஏன் பட்டாளத்தில் சேரவில்லை?

மண்டபம் ஹவில்தார்:
தனி ராணுவம் உண்டு தம்பி. நிறையப் பேர் இரண்டையும் குழப்புகிறார்கள். அது நேபாள அரசின் படை. 1958 முதல் ஐ.நா. அமைதிப் பணிக்கும் போகிறது. நம் கூர்க்காப் படைக்கு ஆள் எடுப்பது ராணுவத்துக்கு நாலு வருடத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் 2022 அக்னிபத் திட்டத்தோடு நின்றுபோச்சு. நாலு வருடத்தில் முக்கால்வாசிப் பேர் பென்ஷன் இல்லாமல் வீடு திரும்புவது, கூர்க்காக்கள் பற்றி இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் செய்த 1947 ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று நேபாளம் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தப் பையன் வயதில் உள்ளவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஒன்று செய்யுங்கள். அவன் அப்பாவுக்குக் காலில் பட்ட காயத்துக்கு ஊனப் பென்ஷன் வருகிறதா, வெறும் சர்வீஸ் பென்ஷன்தானா என்று கேளுங்கள். பல பேர் மனுவே போட்டதில்லை. பென்ஷன் ஆணை நகலை அனுப்பச் சொல்லுங்கள், மனு நான் எழுதித் தருகிறேன்.