கலைச்சொல் உதவி: ஒரே தொடரில் இரண்டு 'பாதுகாப்பு' (ரோகிங்கியா பாடம்)

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

முதுகலை அரசியல் அறிவியல் மாணவர்க்கான, மியான்மரின் ரோகிங்கியா முஸ்லிம் சிறுபான்மையினர் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் ஒப்படைக்க வேண்டும். 2017 ஆகஸ்டு 25 அன்று ஆயுதக் குழுவொன்று ராக்கைன் மாநிலக் காவல் சாவடிகளைத் தாக்கியதும், அதைக் காரணம் காட்டி மியான்மர் இராணுவம் ஊர்களை எரித்ததும், 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தஞ்சமடைந்ததும் இடரின்றித் தமிழில் வந்துவிட்டன. அடுத்த பத்தியில் சிக்கிக்கொண்டேன். அகதிகளுக்கு நாடு அளிக்க வேண்டியதும் பாதுகாப்பு. அகதிகளால் குலையும் என்று அரசு அஞ்சுவதும் பாதுகாப்பு. "அகதிகள் பாதுகாப்பு நாட்டின் பாதுகாப்போடு முரண்படுகிறது" என்று எழுதினால் மாணவர் என்ன பொருள் கொள்வார்? தவிரவும், வந்தோரை ஏற்ற நாட்டை 'விருந்தோம்பும் நாடு' என்கிறார்கள் சிலர். முள்வேலி முகாம்களைப் பற்றிய பாடத்தில் அதை எழுதக் கை கூசுகிறது.

*

அன்புடையீர்,

இரண்டுக்கும் விடை குறளின் 'நாடு' அதிகாரத்திலேயே உள்ளது. நாட்டுக்கு அணி ஐந்து என்னுமிடத்தில் 'ஏமம்' காவலையே குறிக்கிறது (738). ஆகவே அரசு பேசுவதை 'நாட்டேமம்' என்போம். பாதுகாப்பு அகதிகளுக்கே இருக்கட்டும். ஏற்கும் நாடு 'தாங்குநாடு'. 'பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி' (733; பொறை என்றால் சுமை) என்பதற்கு, தத்தம் தேயத்தில் பகை வந்ததாலோ அரசு கோல்கோடியதாலோ உணவின்மையாலோ வந்தடைந்தவர்களை, அவரவர் தேயத்தில் இருந்தாற்போல இனிது இருக்கச் செய்தல் என்ற கருத்திலேயே பரிமேலழகர் உரை சொல்கிறார். வடமொழியின் 'க்ஷேமம்' கூட நம் ஏமத்தின் வழித்தோன்றலே என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரித்தெழுதுவேன்.

*

புலவர் ஐயாவுக்கு,

உரைச்சான்றுக்கு நன்றி. ஆனால் 'நாட்டேமம்' என்று கேட்கும் மாணவருக்கு ஏமாற்றம்தான் நினைவுக்கு வரும். க்ஷேமத்தை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் கவலை 'தாங்கு' பற்றியது. வங்கதேசம் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. 2017இல் வந்தோரை அகதிகள் என்னாமல் 'வலிந்து இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் நாட்டினர்' என்றே ஆவணங்களில் குறிக்கிறது. 1982 குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டு மியான்மர் கைகழுவியவர்களை மியான்மரின் பொறுப்பாகவே நிறுத்தி வைக்கும் சொல் அது. கலைச்சொல்லிலும் நாம் சுமையை ஏற்றினால் பாடம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 'புகலிட நாடு' போதாதா?

இரண்டு பாதுகாப்பும் பிரிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. மியான்மர் எல்லையிலுள்ள நாஃப் ஆற்று வழியே யாபா போதை மாத்திரை வருகிறது, ஆயுதக் குழுக்கள் நடமாடுகின்றன என்ற அச்சங்களுக்கிடையே முகாம்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். 2021 மார்ச்சில் பாலுக்காலி முகாம் பற்றி எரிந்தபோது அந்த வேலியே தங்களை மறித்தது என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், தம் மக்களின் உரிமைக்காகப் பேசிவந்த மொகிபுல்லா குதுபாலாங் முகாமுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குக் கிடைக்காமற் போனதைப் 'புகல்காப்பு' என்போம். அரசு பேசுவது 'நாட்டுப் பாதுகாப்பு' என்றே இருக்கட்டும்.

*

'அகதி'யே வடசொல்லாயிற்றே? ஈழத்து எழுத்தில் 'ஏதிலி' வழங்குகிறது. அதையும் சேர்த்தே மாற்றலாம்.

*

குறளில் 'ஏதிலார்' என்போர் அயலார் (190). குடியுரிமை பறிபோனவர்களை அயலார் என்று தமிழிலும் ஒருமுறை சொல்ல வேண்டுமா? அகதி எல்லார்க்கும் விளங்கும் சொல், இருக்கட்டும்.

*

புகல்காப்பு, நாட்டுப் பாதுகாப்பு, புகலிட நாடு என்றே எழுதி அனுப்பவிருக்கிறேன். பெரும்பாலோர் இசைந்ததாகக் கொள்கிறேன்; களைத்துவிட்டதாகவும் கொள்ளலாம்.

*

என் மறுப்பைப் பதிவு செய்க. 2020 டிசம்பர் முதல் ஆயிரக்கணக்கானோரை வங்கதேசம் பாசன் சார் தீவுக்குக் கொண்டுசென்றது. முகாம் நெரிசலைக் குறைத்து நல்ல வீடுகள் தருவதாக அரசு சொன்னது. புயலுக்கு எளிதில் இலக்காகும் வண்டல் தீவில், நினைத்தபோது வெளியேற முடியாதபடி வைத்திருப்பதாக மனித உரிமை அமைப்புகள் சொல்லின. அது புகல்காப்பா, நாட்டுப் பாதுகாப்பா? எந்தத் தலைப்பின்கீழ் வைப்பீர்கள் என்று எழுதுங்கள். அதற்குள் நான் ஏமம் பற்றிய மடலை முடித்துவிடுகிறேன்.