அந்த ஜெர்மனி நாவலில் உங்களுக்கு உறுத்திய இடம் எது?

கடலோரக்காரி:
எங்கள் சபை வாசிப்பு வட்டத்தில் போன மாதம் எடுத்தோம். இங்கே பாதிப் பேர் படித்திருப்பீர்கள், கதை சொல்லவில்லை; இரண்டாம் உலகப் போர் முடிந்த ஜெர்மனியில் ஒரு போதகர் குடும்பம், அவ்வளவுதான். நேரே கடைசி அத்தியாயம். இடிந்த கோயில் முற்றத்தில் முன்னாள் நாஜி வதைமுகாம் காவலாளி கை நீட்டுகிறான், போதகர் மனைவி கொஞ்சம் தயங்கி அந்தக் கையைப் பிடிக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். வட்டத்திலும் அதையே சொன்னேன், குரல் தழுதழுத்தது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற போதகர் ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, அவன் கொன்னது இவ வீட்டு ஆளையா?" என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சு மாறிப்போனது. மாவு அரைக்க நின்றால் அந்தக் கேள்வியும் கூட வந்து நிற்கிறது.

ரைன்கரை:
நான் கொலோனில ஒரு முதியோர் இல்லத்தில வேலை. இரவு வேலைக்கு இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனனான். தொண்ணூறுக்குக் கிட்டின ஒரு அம்மா, நித்திரை வராம, என்ன வாசிக்கிறாய் எண்டு கேட்டா. 1946 மார்கழி, வெளியில பனி, கதாநாயகி யன்னலடியில இருந்து விடிய விடிய செபிக்கிறா எண்டு சொன்னன். அம்மா கேட்டா, "அடுப்பில என்னத்தை எரிச்சவ?"

திருப்பித் திருப்பிப் பாத்தன். புத்தகத்தில அடுப்பே இல்லை.

பிறகு தன்ர கதையைச் சொன்னா. நிலக்கரி ரயில் வளைவில மெதுவாகும், தமையன் பாஞ்சு ஏறிக் கரியை எறிவான், இவ கீழ நிண்டு பொறுக்கிறது. அந்த 31 டிசம்பர் ராத்திரி கொலோன் பேராயர் கர்தினால் ஃப்ரிங்ஸ் இஞ்ச ரீல் எண்ட பகுதியில இருக்கிற புனித எங்கல்பெர்ட் கோயிலில பிரசங்கம் வைச்சவர்: உழைச்சும் கேட்டும் கிடைக்காட்டி, உயிருக்கும் உடம்புக்கும் தேவையானதை எடுக்கலாமாம். அதுக்குப் பிறகு இஞ்ச கரி களவெடுக்கிறதுக்குப் பேரே 'ஃப்ரிங்ஸன்'. அந்தச் சொல்லைச் சொல்லேக்க அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. கனபேர் அளவு மீறிப்போட்டினம், எடுத்ததைத் திருப்பிக் குடுக்கோணும் எண்டும் அதே பிரசங்கத்தில அவர் சொன்னவர். அதை ஆர் நினைப்பில வச்சிருக்கினம்!

பழைய வாத்தியார்:
கடலோரக்காரி, ஐயர் கேட்டது சரி, ஆனால் பாதிதான். நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துக் காத்த டச்சுக்காரர் கோரி டென் பூம் 1947-ல் மூனிச்சில் இப்படி ஒரு காவலாளியின் கையைப் பிடித்ததாக எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா பெட்சி ராவன்ஸ்ப்ரூக் முகாமில் செத்தவர், அவரும் அங்கே கிடந்தவர். அவர் மன்னித்தால் கேட்க நமக்கு வாயில்லை. நாவலில் வருகிறவள் என்ன இழந்தாள்? ஒரு பியானோ.

என் அனுபவம் சின்னது. 1947-ல் அவள் டாய்ச் மார்க் கொடுத்து ரொட்டி வாங்குகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் பணம் புழக்கத்துக்கு வந்ததே 1948 ஜூன் 20-ல், தலைக்கு 40 மார்க். அதற்கு முன் கறுப்புச் சந்தையில் அமெரிக்க சிகரெட்தான் காசு.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்த மாதிரி நாவலைப் படிக்கும் முன் ஸ்டுட்கார்ட் அறிக்கையைப் படியுங்கள், ஒரு பக்கம்கூட வராது. 1945 அக்டோபரில் ஜெர்மன் சுவிசேஷ சபைத் தலைவர்கள் 11 பேர் கையெழுத்திட்டது, அதில் ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்ட போதகர் நீமொல்லரும் உண்டு. நாங்கள் இன்னும் தைரியமாகச் சாட்சி சொல்லவில்லை, இன்னும் உண்மையாக ஜெபிக்கவில்லை என்று வருந்துகிறார்கள். நல்லது. யூதர் என்ற சொல் அதில் எங்கே என்று தேடுங்கள். கிடையாது. 1950 ஏப்ரலில், பெர்லின்-வைசன்ஸே சினாடில், அதாவது சபைப் பொதுக்கூட்டத்தில்தான் அது வாய்விட்டு வந்தது. பென்சிலோடு படியுங்கள், வருஷத்தை ஓரத்தில் குறியுங்கள். அழுகையை மூன்றாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுதிரி:
சார், பென்சில் பிடித்து அழ எங்களுக்கு வராது. மார்க் தப்பு என்று மூடிவிட்டீர்களே, அடுத்த அத்தியாயத்தில்தானே பெர்சில் சீட்டு வருகிறது! அமெரிக்கப் படை ஆண்ட பகுதியில் நாஜித் தொடர்பை விசாரிக்க 131 கேள்வி கொண்ட படிவம், பழைய நாஜிகள் போதகரிடம் வரிசையில் நின்று 'நல்லவர்' என்று கடிதம் வாங்குகிறார்கள். சோப்புத்தூள் பேரையே அதற்கு வைத்தார்கள் ஜனங்கள், வெளுக்கிற காகிதம். அந்தப் பக்கத்தில் எனக்கு எங்கள் தாத்தா வந்துவிட்டார். தலைமையாசிரியர், நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு யார் வந்தாலும் எழுதிக் கொடுப்பார். ஒரு தடவை, ஊரே பயந்த ஒருத்தனுக்கு எழுதிவிட்டு பேனாவை மூடாமலே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மை விரலில் இறங்கியது. நாவலில் அந்தப் போதகரும் எழுதுகிறார், அடுத்த வரியில் சூப் குடிக்கிறார்.

கடலோரக்காரி:
நேற்று இரவு திரும்பப் புரட்டினேன். காவலாளிக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அம்மா இருக்கிறாள். அவன் கையால் செத்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. அக்கா, அந்த அம்மாவிடம் இதைக் கேட்டீர்களா?

ரைன்கரை:
கேக்கலாம் எண்டு கடைசி அத்தியாயத்தை ஜெர்மன் மொழியில எனக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப் பாத்தன் தங்கச்சி. கை குடுக்கிற இடம் வாறதுக்குள்ள அவ நித்திரை.