பக்கத்துக்கு வெளியே கிடக்கும் பொருள்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சிப்புட் கடைக்காரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கார்டு, பேனர் அடிக்கும் கடை. கல்யாண அழைப்பிதழ் ஒன்று, நாலு பக்கம், வேறு கடையில் பாதி முடித்து வாங்கி வந்த கோரல்டிரா (வடிவமைப்பு மென்பொருள்) ஃபைல். பெண்ணின் அம்மா என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திறந்தால் முதல் பக்கம் பிள்ளையார், எல்லாம் சரி. கொஞ்சம் ஜூம் அவுட் செய்ததும் பக்கத்துக்கு இடப்புறம் மாலை போட்ட ஒரு பெரியவர் படம், கீழே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போனேன், அங்கேயும் அதே இடத்தில் அவர். அதற்கடுத்த பக்கத்திலும் அவரேதான். அந்த அம்மா குங்குமச் சிவப்பில் ஒரு மாதிரி அட்டையைக் கையில் வைத்திருந்தார், அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “தம்பி, இந்த ஃபைல் வேணாம்பா, புதுசா செஞ்சிடுங்க” என்றார். இது அச்சில் வராதும்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரணம் டெஸ்க்டாப் லேயர்தான், அதாவது பக்கத்துக்கு வெளியே இழுத்துப் போடுவதெல்லாம் போய்ச் சேரும் அடுக்கு, தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. பழைய அஞ்சலி ஃபைலை அப்படியே ‘சேவ் ஆஸ்’ போட்டுக் கல்யாணத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த லேயர் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாஸ்டர் பக்கத்தைச் சேர்ந்தது, வெளியே இழுத்துப் போட்டது எல்லாப் பக்கத்திலும் தெரியும். வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் ஃபைலை இப்படியா கொடுப்பது?

பீடோர் பேனர்:
அண்ணே, வருத்தம் புரிகிறது, ஆனால் டெஸ்க்டாப் லேயரைக் குறை சொல்லாதீர்கள். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் செய்யும்போது பள்ளிச் சின்னம், வண்ணக் கட்டங்கள், ஆசிரியர் பெயர்ப் பட்டை எல்லாவற்றையும் நான் அங்கேதான் போட்டு வைப்பேன். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கைக்கு எட்டும், அச்சிலும் வராது. எல்லாப் பக்கத்திலும் அச்சாக வேண்டியதற்குத்தான் தனி மாஸ்டர் லேயர் இருக்கிறதே, கோரல்டிரா எக்ஸ்5 பதிப்பு வந்த 2010இலிருந்து ஒற்றைப்படைப் பக்கத்துக்கு ஒன்று, இரட்டைப்படைப் பக்கத்துக்கு ஒன்று என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைக்காரர் துடைக்காமல் கொடுத்ததுதான் தப்பு.

ஈப்போவில் வேலை ஊர் தோட்டம்:
பீடோர் தம்பி, ‘அச்சில் வராது’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலர், வெளியே செய்த ஃபைல், எல்லாப் பக்கமும் ஏ4, நடுவில் மட்டும் மடித்து வைக்கிற ஏ3. கோரலில் ஒரே ஃபைலில் பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறலாம். ஏ4 அகலம் 210 மி.மீ., ஏ3 படுக்கையாக 420. ஏ4 பக்கத்துக்கு வெளியே ஓரமாகக் கிடந்தது நடுப்பக்கத்தில் உள்ளே வந்துவிட்டது. புரூஃப் தாளை விரித்தால் அம்மன் படத்தின் தோளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘மிச்சம் 150 வெள்ளி வரணும்’ என்று விளம்பரப் பணக் குறிப்பு. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். விளம்பரம் கொடுத்த கடைக்காரரும் அங்கேயே நின்றிருந்தார். இன்றைக்கும் அவரைக் கண்டால் எனக்குச் சங்கடம்.

கயல்:
நான் கோலாலம்பூரில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். பல பக்க வேலைக்கு அடோபியின் இன்டிசைன் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். அங்கே பேஸ்ட்போர்டு, அதாவது பக்கத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம், ஒவ்வொரு ஸ்பிரெட்டுக்கும் (எதிரெதிரே விரியும் பக்கங்களுக்கு) தனித்தனி, இந்தப் பக்கத்து ஓரத்தில் போட்டது அடுத்த ஸ்பிரெட்டில் தெரியாது. ஆனால் லேயர் மட்டும் ஆவணம் முழுமைக்கும் ஒன்று, அதை மறந்துவிட்டு ஒரு பக்கத்துக்காக லேயரின் கண் சின்னத்தை அணைத்து மறைத்தால் எல்லாப் பக்கத்திலும் மறைந்துவிடும். எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ‘பிரிண்ட் லேயர்’ அடையாளத்தை எடுத்துவிட்ட ஒன்று, இப்படிப் பெயர் வைத்துப் பிரியுங்கள். சேர்த்த படங்களைப் பட்டியலிடும் லிங்க்ஸ் பேனலில் பக்க எண் இருக்கும் இடத்தில் ‘பிபி’ (பேஸ்ட்போர்டு) என்றிருந்தால் அந்தப் படம் வெளியே கிடக்கிறது என்று அர்த்தம். அச்சகத்துக்கு அனுப்பும் முன் அதை ஒரு முறை பாருங்கள். ஒரு முறை எனக்கு வந்த நிறுவன மலரில் வேலையை விட்டுப் போன மேலாளரின் படம் பிபியில் இருந்தது, அதையும் சேர்த்து வெளியே அனுப்பியிருந்தார்கள்.

சிப்புட் கடைக்காரன்:
கயல் தங்கச்சி, நல்ல விஷயம்தான், ஆனால் மாறச் சொல்வது இங்கே நடக்கிற காரியமில்லை. இந்த ஊரில் எனக்கு வருவது முக்கால்வாசி சிடிஆர் (கோரல்டிரா) ஃபைல், போன வருஷத்து அழைப்பிதழில் தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க என்று பென்டிரைவோடு வருகிறார்கள். ஈப்போ அண்ணன் சொன்ன ஏ3 விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த ஃபைலில், லேயர்களைப் பட்டியலிடும் ஆப்ஜெக்ட் மேனேஜரில் (புதிய பதிப்புகளில் ‘ஆப்ஜெக்ட்ஸ்’) மாஸ்டர் பக்கத்தைத் திறந்து டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இப்போது வாடிக்கையாளர் பக்கம் திரையைத் திருப்புகிறேன்.

பீடோர் பேனர்:
சரி அண்ணே, ஏ3 பற்றி ஒத்துக்கொள்கிறேன், அப்படி அளவு மாறிய வேலை எனக்கு வந்ததில்லை. ஆனால் பார்க்கும்போது கண் சின்னத்தையும் பூட்டையும் கவனியுங்கள். மறைத்த லேயரிலும் பூட்டிய லேயரிலும் இருப்பதைக் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கண்ட்ரோல் ஏ பிடிக்காது, எல்லாம் அழித்தாயிற்று என்று நினைப்போம், யாராவது கண்ணைத் திறந்தால் பெரியவர் அப்படியே இருப்பார்.