பேப்பர் மட்டும் மிஞ்சினால் போதுமா? ஊடாடும் ஊடக மாநாடுகள் பற்றி ஒரு விவாதம்

கிளைவழி:
கணினி ஆய்வாளர்களின் சங்கமான ஏசிஎம் நடத்தும் ஐஎம்எக்ஸ் என்ற ஊடாடும் ஊடக மாநாடு பற்றி ஒரு கோரிக்கை எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் இங்கே உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: 2003இல் பிரைட்டனில் யூரோஐடிவி என்று தொடங்கியது இது. 2014இல் நியூகாசிலில் டிவிஎக்ஸ் ஆனது, 2020இல் ஐஎம்எக்ஸ் என்று பெயர் மாறியது. 2024இல் ஸ்டாக்ஹோம், 2025இல் பிரேசிலின் நித்தேரோய். ஊடாடும் தொலைக்காட்சியில் ஆரம்பித்த ஆய்வு இன்று பார்ப்பவரின் தேர்வுக்கேற்பக் கிளைபிரியும் கதை, விஆர் (மெய்நிகர் உலகம்) என்று விரிந்துவிட்டது. டிவிஎக்ஸ், ஐஎம்எக்ஸ் பேப்பர்கள் ஏசிஎம் மின்னூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பேப்பர்கள் பேசுகிற படைப்புகளில் பலவற்றை இன்று இயக்கிப் பார்க்க வழியே இல்லை.

ஓர் உதாரணம். கதை எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்பவரே தேர்வு செய்யும் படம், நெட்ஃபிளிக்ஸின் 'பேண்டர்ஸ்நாட்ச்', 2018 டிசம்பர் 28 அன்று வந்தது. பார்ப்பவர் எந்தத் தேர்வை அழுத்தினார் என்பதை, மறைகுறியாக்கப்பட்ட இணையப் போக்குவரத்தைக் கவனித்தே ஊகிக்க முடியும் என்று 2019இல் ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அருமையான வேலை. 2025 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் படத்தையே எடுத்துவிட்டது. இனி யாராவது அதைச் சரிபார்க்க நினைத்தால் எதை வைத்துச் செய்வது?

என் கோரிக்கை இதுதான். பேப்பர் ஏற்கப்பட்டால், ஓடக்கூடிய படைப்பையும் ஸெனோடோ போன்ற பொது ஆவணக் கிடங்கில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால், ஒருவர் படைப்பை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்த முழு ஆட்டத்தின் பதிவும் கிளைகளின் வரைபடமும் தர வேண்டும். இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

சிவப்புப்பொத்தான்:
கட்டாயம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நீங்கள் கொடுத்த உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அந்தப் படம் நெட்ஃபிளிக்ஸின் சொத்து. அதை ஆராய்ந்தவர் எந்த உரிமையில் கிடங்கில் போடுவார்? ஆட்டத்தைப் பதிவு செய்து போட்டாலும் காப்புரிமைச் சிக்கல்தான். பழைய வீடியோ கேம்களை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் போகாமல் தொலைவிலிருந்தே பார்க்க விதிவிலக்கு வேண்டும் என்று அமெரிக்காவில் பழைய மென்பொருளைப் பாதுகாத்து வைக்கும் ஓர் அமைப்பு கேட்டது. 2024 அக்டோபரில் அங்குள்ள காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இதற்கென்றே இயங்கும் அமைப்புக்கே கிடைக்காத அனுமதியை ஒரு முனைவர் பட்ட மாணவர் எங்கே போய் வாங்குவார்?

உங்கள் விதி வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? மக்கள் உண்மையில் பார்க்கும் வணிகப் படைப்புகளை ஆராய்வதையே விட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் பத்துப் பேர் பார்த்த டெமோக்களைப் பற்றி மட்டும் பேப்பர் வரும். அது இந்தத் துறைக்கு நல்லதில்லை.

பழையவட்டு:
காப்புரிமை பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்த மாநாடுகளுக்கு வரும் பேப்பர்களில் நிறைய, ஆய்வாளர்கள் தாங்களே செய்த படைப்புகள் பற்றியவை. அவற்றுக்கு அந்தத் தடை இல்லையே? அவையும்தான் காணாமல் போகின்றன.

இணையத்தில் விளையாட்டும் அனிமேஷனும் ஓட உதவிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஆதரவை நிறுத்தியது. சில நாளில் ஃபிளாஷ் கோப்புகள் ஓடாமலே நின்றன. பழைய கோப்புகளைப் புதிய கணினியில் ஓடவைக்கும் ரஃபிள் போன்ற எமுலேட்டர்களும் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஒரு பகுதியைக் காப்பாற்றின. காப்பாற்ற முடிந்தது, யாரோ கோப்பைப் பொதுவில் போட்டிருந்ததால்தான். ஆய்வகக் கணினியில் மட்டும் இருந்தவற்றை யார் தேடிப் போவார்கள்?

மறுபக்கம் 'ஃபஸாட்' என்ற ஊடாடும் நாடகம் இருக்கிறது. மைக்கேல் மட்டேயஸும் ஆண்ட்ரூ ஸ்டெர்னும் 2005 ஜூலையில் இலவசமாக வெளியிட்டது. சண்டைபோடும் ஒரு தம்பதியின் வீட்டுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள். மனதில் தோன்றியதைத் தட்டச்சு செய்யலாம். சிறுசிறு நாடகத் துண்டுகளில் அடுத்து எது வர வேண்டும் என்று நிரல் தேர்ந்துகொண்டே இருக்கும். ஊடாடும் கதை ஆய்வில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள், அதோடு வாதிடுகிறார்கள். பேப்பரைப் படித்துவிட்டு "இது அப்படி நடந்துகொள்ளவில்லையே" என்று ஒரு மாணவர் சொல்ல முடிவது, நிரல் கையில் கிடைப்பதால்தான்.

நம் இலக்கியத்திலேயே பாருங்கள். குண்டலகேசியை மறுத்து எழுந்த நீலகேசி நமக்குக் கிடைத்துவிட்டது. குண்டலகேசியில் மிஞ்சியது சில பாடல்கள்தான், அவையும் பிற நூல்களிலும் உரைகளிலும் மேற்கோளாக வந்ததால் தப்பியவை. இந்த மாநாடுகளும் அப்படித்தான் விவாதத்தை வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைக்கின்றன.

மேடைக்காரி:
நேரலையாகவே நடக்க வேண்டிய படைப்புகளை இங்கே யாரும் பேசவில்லை. நான் செய்வது அந்த வகை. நடிகர் ஓர் ஊரில், பார்வையாளர்கள் வேறு வேறு ஊர்களில், எல்லோரும் ஒரே விஆர் அறைக்குள். அன்றைக்கு யார் வந்தார்கள், யார் பேசத் தயங்கினார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. அதன் கோப்பைக் கிடங்கில் போட்டால் காலியான அறை மட்டும்தான் இருக்கும். ஒரே ஒரு நாள் பதிவை "இதுதான் படைப்பு" என்று வைப்பது அதைவிட மோசம், ஏனென்றால் பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

நேரலைக்கு இது பொருந்தாது. பொருந்தாத இடத்தில் கட்டாயம் என்றால் பெயருக்கு ஒரு வீடியோவை ஏற்றிவிட்டுப் போவார்கள்.

பழையவட்டு:
ஒரு பதிவு போதாது என்பது எனக்கும் உடன்பாடு. 'ஃபஸாட்'டுக்கும் ஒரே ஓட்டம் போதாது.

ஆனால் இதற்கு நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. டீன் கிரிகரும் ஸ்டூவர்ட் மோல்த்ராப்பும் பாத்ஃபைண்டர்ஸ் திட்டத்தில் செய்ததைப் பாருங்கள். ஆரம்பகால மின்னிலக்கியப் படைப்புகளை அந்தக் காலத்துக் கணினியிலேயே ஓடவிட்டு, எழுதியவரையும் வாசகரையும் உட்காரவைத்து, அவர்கள் எங்கே சொடுக்குகிறார்கள், ஏன் அந்த வழி போகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். கூடவே நேர்காணலும் எடுத்தார்கள். அதைப் பார்ப்பவர் யாரும் அதுவே மூலம் என்று நினைக்க மாட்டார். ஒருவர் போன வழி என்று தெளிவாகத் தெரியும். உங்கள் நேரலைக்கும் இப்படிச் சிலருடைய பதிவுகள் இருந்தால், அந்த நிகழ்ச்சிக்கு வராத ஒருவர் பத்து ஆண்டு கழித்து உங்கள் பேப்பரோடு பேச ஏதாவது இருக்கும்.

ஆய்வுமாணவன்_கோவை:
இது யார் தலையில் விழும் என்று யாரும் கேட்கவில்லை. சின்னக் கல்லூரியில் படைப்பைச் செய்வதும் நான்தான், பயனர் ஆய்வு நடத்துவதும் நான்தான், பேப்பர் எழுதுவதும் நான்தான். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த ஒன்றை இன்னொருவர் கணினியில் ஓடும்படி கட்டிக் கொடுப்பது தனி வேலை. வாங்கிப் போட்ட மாடல்களை, ஒலிகளை உரிமம் இல்லாமல் பகிர முடியாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மேலும் 2026 ஜனவரியிலிருந்து ஏசிஎம் வெளியீடுகள் முழுவதும் திறந்த அணுகல், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கலாம். படிப்பவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் ஏசிஎம்மோடு ஒப்பந்தம் இல்லாத கல்லூரிக்காரர்கள் வெளியீட்டுக் கட்டணத்தையும் யோசிக்க வேண்டும். தள்ளுபடி கிடைக்கலாம், ஆனாலும் ஒரு செலவுதான். பதிவுக் கட்டணம், விமானம், விசா இதெல்லாம் தனி. இதற்கு மேல் இன்னொரு கட்டாயம் என்றால் எங்களை மாதிரி ஆட்கள் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள்.

கிளைவழி:
தம்பி, உங்கள் கவலை நியாயம். அதனால்தான் ஸெனோடோவைச் சொன்னேன்: செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு மையம் நடத்துவது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். நீங்கள் சர்வர் வைத்துக்கொள்ள வேண்டாம். அழகாகக் கட்டித் தரவும் வேண்டாம். எந்த யூனிட்டிப் பதிப்பு, எந்தக் கருவி என்று ஒரு பக்கக் குறிப்போடு இருக்கிறபடியே போடுங்கள். உரிமம் இடித்தால் பதிவும் வரைபடமும் போதும்.

சேர்ப்பதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, ரிவ்யூவர் அதைப் பார்க்கவும் வேண்டாம். ஏசிஎம் 2016இலேயே படைப்புகளைச் சரிபார்த்து முத்திரை தரும் முறையைக் கொண்டுவந்தது. விருப்பமுள்ளவர்கள் செய்யலாம் என்றுதான் இருக்கிறது. நம் துறையில் எத்தனை பேர் அதைத் தொடுகிறார்கள்? விருப்பத்துக்கு விட்டால் நேரம் இருப்பவர்கள் மட்டும்தான் செய்வார்கள். அப்புறம் பணக்கார ஆய்வகங்களின் படைப்புகள் மட்டும் வரலாற்றில் நிற்கும். கோவையில் நீங்கள் செய்தது நிற்காது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிவப்புப்பொத்தான்:
கடைசியில் சொன்னது மனதைத் தொடுகிறது. ஆனாலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

இப்போது வரும் படைப்புகளில் கதாபாத்திரத்தின் வசனத்தை ஒரு பெரிய மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்ற ஏஐ) எழுதுகிறது. அந்த மாதிரி ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அடுத்த பதிப்பு வந்ததும் பழையதை நிறுத்திவிடுவார்கள். கிடங்கில் நீங்கள் போடுவது அந்த சர்வரைக் கூப்பிடும் சில கோப்புகள். கூப்பிட்டால் பதில் வராது. எதைக் காப்பாற்றினோம்?

பழையவட்டு:
அந்த மாதிரிக்குக் கொடுத்த அறிவுறுத்தல்கள், அதன் பெயரும் பதிப்பும், நடந்த உரையாடல்களின் பதிவு. இந்த வகைக்கு உரையாடல் பதிவுதான் முக்கியம். அது இருந்தால் கதாபாத்திரம் எங்கே தடுமாறியது என்று அப்புறமும் ஆராயலாம்.

மேடைக்காரி:
அந்தப் பதிவில் இருப்பது பங்கேற்பாளர்கள் பேசியது. விஆருக்குள் ஆட்கள் தங்கள் வீட்டைப் பற்றி, உடம்பைப் பற்றி எல்லாம் பேசிவிடுவார்கள். பெயரை எடுத்துவிட்டாலும் பேச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். அவர்கள் ஒத்துக்கொண்டது ஓர் ஆய்வுக்கு, பொதுக் கிடங்குக்கு இல்லை. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கிளைவழி:
அப்படியென்றால் சம்மதப் படிவத்திலேயே அதைத் தனியாகக் கேட்க வேண்டும், ஆய்வு தொடங்கும் முன்பே. சம்மதிக்காதவர்களின் பேச்சைச் சேர்க்கக் கூடாது. கோரிக்கையில் இதை எழுதிவிடுகிறேன். நேரலைக்குக் கோப்பு வேண்டாம், பாத்ஃபைண்டர்ஸ் மாதிரி சிலர் போன வழியின் பதிவு போதும் என்றும் சேர்க்கிறேன்.

சிவப்புப்பொத்தான்:
சேருங்கள். வணிகப் படைப்புகளை ஆராயும் பேப்பர்களுக்கு வரைபடம் மட்டும் போதும் என்று எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். "முழு ஆட்டப் பதிவு கட்டாயம்" என்ற வரி அவர்களுக்கும் இருந்தால் போட மாட்டேன்.

ஆய்வுமாணவன்_கோவை:
அந்த ஒரு பக்கக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மாதிரி ஒன்று தர முடியுமா அண்ணே? என் படைப்புக்கு நிரப்பிப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் பிடித்தது என்று இங்கேயே சொல்கிறேன். கட்டாயம் ஆக்கலாமா என்று அதற்கப்புறம் பேசலாம்.